பன்னிரண்டாவது ஆரக்கால்

ஈப்போ. 1983 ஆகஸ்டு. ஞாயிறு, பகல் 12.40.

கண்ணாடி நொறுங்கிய சத்தம் சாலையைத் தாண்டி எதிர்ச்சாரித் தேத்தண்ணிக் கடை வரை கேட்டது. தையல்காரி மங்களம் குவளையை அப்படியே வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினாள். அவளோடு ஒரே மேசையில் இருந்த அர்ச்சுனனும் ஓடினான்.

மண்டபக் கதவு பூட்டியே இருந்தது. காவலாளி பத்துமலை படியில் நின்று சாவியைத் திருப்பினான். உள்ளே ஓர் ஈ காக்கை இல்லை. ராக்காயியின் குஞ்சு பொரிக்கும் பெட்டி மட்டும் பிளந்து கிடந்தது. உடைந்த கண்ணாடிக்கும் முட்டை ஓடுகளுக்கும் நடுவே ஒரு பழைய இரும்பு எடைக்கல்.

அன்று அங்கே கண்டுபிடிப்புப் போட்டி. முதல் பரிசு, பினாங்கில் மூன்று மாதத் தொழிற்பயிற்சி. நடுவர்கள் இரண்டு மணிக்கு வருவார்கள். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் விற்றுப்போனதும் ஈப்போவுக்கு வந்து ஹோட்டலில் தரை துடைக்கிறவள் ராக்காயி. பலகை, கண்ணாடி, சுடுதண்ணீர்த் தகரம், ஒரு சிம்னி விளக்கு, இவ்வளவுதான் அவள் பெட்டி. அதில் இருபது முட்டைகள். அன்றைக்கு இருபத்தோராம் நாள். நடுவர்கள் கண்ணெதிரே குஞ்சு வெளியே வரும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள் பாவி மகள்!

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது, ராக்காயியும் ஓடிவந்தாள். மண்டபச் செயலாளர் ராமசுப்பிரமணியன் வந்தார், பார்த்தார், தீர்ப்பும் சொல்லிவிட்டார். பத்து மணிக்குப் பூட்டிய மண்டபம். ஒரே சாவி. அது பத்துமலையிடம். விளக்கால் தீப்பிடிக்கும் என்று காலையில் ராக்காயியோடு சண்டை போட்டவனும் அவனே. இன்னும் என்ன வேண்டும்? நடுவர்கள் வருவதற்குள் சாவியை வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் பின்கட்டு அறையைக் காலி செய்யச் சொன்னார். அந்த அறையில்தான் பத்துமலையின் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். அவன் சாவியை மேசைமேல் வைத்தான்.

மங்களத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரும் எதையும் தொடக்கூடாது, வெளியே போகவும் கூடாது என்று அதட்டினாள். அர்ச்சுனன் துடைப்பமும் ஏணியும் எடுத்து உதவ வந்தான். அவனையும் உட்கார வைத்தாள்.

12.55.

முதலில் பெட்டி. கையால் ஓங்கிப் போட்டால் கண்ணாடி உடையும், சரி. ஒரு அங்குல அடிப்பலகையுமா பிளக்கும்? கல் உயரத்திலிருந்து விழுந்திருக்கிறது.

அண்ணாந்து பார்த்தாள். பெட்டிக்கு நேர் மேலே உத்தரம். அதற்கும் மேலே, அனல் கக்கும் தகரக் கூரை. நெடுகக் காகிதத் தோரணம். அதில் ஒரு சிவப்பு வால் மட்டும் அறுந்ததுபோல் தொங்கியது. நுனியில் ஒரு சின்ன மர ஆப்பு.

தோரணத்துக்கு ஆப்பு எதற்கு?

பத்துமலை ஏணியில் ஏறி அதை அவிழ்த்து வந்தான். சிவப்புக் காகிதத்தை உரித்தால், உள்ளே விரல் அகல ரப்பர் நாடா.

1.10.

மங்களம் அடுத்த மேசைக்குப் போனாள். அது அர்ச்சுனனின் மேசை. ரப்பர்ப்பால் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை அவனுக்கு. அவன் கொண்டுவந்திருந்தது ஒரு சைக்கிள் சக்கரம், கம்பிக்குப் பதிலாக ரப்பர் நாடாக்கள் பூட்டியது. பக்கத்தில் மின்விளக்கைப் போட்டால் மோட்டார் இல்லாமலே சுற்றும். எப்படி என்று கேட்டவர்களிடம் தொழில் ரகசியம் என்று சிரித்து வைத்திருந்தான். ‘பன்னிரண்டு ஆரக்கால் அதிசயம்’ என்று அட்டையில் எழுதியிருந்தது.

விளக்கைப் போட்டாள். சக்கரம் நொண்டி நொண்டி அரைச்சுற்றில் நின்றது. நாடாக்களை எண்ணினாள். பதினொன்று. குறைகிற ஒன்றுதான் மேலே கட்டியிருந்தது, அதுதான் கல்லைத் தள்ளியது என்றாள்.

“ரப்பர் எப்படிம்மா கல்லத் தள்ளும்?” என்றார் செயலாளர். வெயிலில் எந்தப் பொருளும் விரியும், ரப்பர் இன்னும் தொய்யும், முப்பது வருசம் ரப்பரோடு கிடந்தவனுக்குத் தெரியாதா என்று அவர் கேட்க, பால் மரம் வெட்டியே கை காய்த்துப்போன கூட்டமும் தலையாட்டியது.

மங்களம் பக்கத்திலிருந்த தன் தையல் கடைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியோடு வந்தாள். நாடாவைச் சன்னல் கம்பியில் கட்டி, நுனியில் பெரிய கத்தரிக்கோலைத் தொங்கவிட்டாள். நாடா நீண்டு நின்றது. சூடேறிய இஸ்திரிப் பெட்டியை ஒட்டினாற்போல் மேலும் கீழும் நகர்த்தினாள்.

கத்தரிக்கோல் மேலே ஏறியது! ஒரு விரல், இரண்டு விரல். செயலாளர் கிட்டே வந்து நாடாவைத் தடவிப் பார்த்தார்.

“பாவாடைக்கு எலாஸ்டிக் வச்சுத் தைக்கிறவளுக்குத் தெரியும் சார். இழுத்துக் கட்டுன ரப்பருக்குச் சூடு காட்டுனா நீளாது, சுருங்கும். அவன் சக்கரமும் அதனாலதான் சுத்துது. வெளக்குப் பக்கத்து நாடா சுருங்குனா எடை ஒரு பக்கம் சாயுது லா.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூரை குளிர்ந்திருந்த காலையில் உத்தரத்து விளிம்பில் கல். அது சாயாமலிருக்க அடியில் ஆப்பு. ஆப்பிலிருந்து கூரைச் சட்டம் வரை விறைப்பாக இழுத்த நாடா. உச்சி வெயிலில் தகரம் கொதிக்க, நாடா சுருங்கி ஆப்பை உருவியது. கதவு பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன? காலையில் வலிய வந்து ஏணி போட்டுத் தோரணம் கட்டியவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அர்ச்சுனன் எழுந்தான். “நான் ஒங்க பக்கத்துலதானே இருந்தேன் அக்கா.”

“இருந்த. கடையில எல்லாரும் வெயிலத் திட்டுனோம். நீ ஒருத்தன்தான் இன்னும் நல்லா அடிக்கட்டும்னு சொன்ன.”

அவன் முகம் செத்துப்போனது. கூட்டிப் பெருக்குகிற சாக்கில் நாடாவை எடுத்துச் சக்கரத்தில் மறுபடி பூட்டிவிடலாம் என்று நினைத்திருந்தான். மங்களம்தான் விடவில்லையே.

“எட்டு மாசம் ஒழைச்சேன்,” என்றான் தரையைப் பார்த்து. “பக்கத்துல கோழிக்குஞ்சு வந்தா, எவன் லா என் சக்கரத்தப் பாப்பான்?”

ராக்காயி அவனைத் திட்டவில்லை, அழவும் இல்லை. நொறுங்காத ஏழு முட்டைகளைச் சேலைத் தலைப்பில் பொதிந்து மார்போடு வைத்திருந்தாள். சூடு ஆறுது, சூடு ஆறுது என்று மட்டும் முணுமுணுத்தாள்.

பத்துமலைதான் நகர்ந்தான். அர்ச்சுனனின் மின்விளக்கைக் கையில் தூக்கி, சூடு ஆறாதபடி அவள் பொதிந்திருந்த முட்டைகளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

2.00. நடுவர்கள் படியேறினார்கள்.

செயலாளர் மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு பத்துமலையிடம் வந்தார். சாவியை மட்டும் நீட்டினார்.

பத்துமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டை ஒன்றின் ஓடு விரிசல் விட்டு, உள்ளேயிருந்து ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது.

“அங்கயே வைங்க சார்,” என்றான். “கை காலியா இல்ல.”