ஆணியில் மாட்டிய சாவி

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தொலைப்பதற்கென்று எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் தாங்களே ஒன்றை ஒளித்துவைத்துவிட்டுத் தாங்களே தேடுகிறார்கள். ஒருத்தன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுபோய் மனுஷ வாடையே இல்லாத இடத்தில் கல்லுக்கடியில் வைப்பானாம். அது எந்த இடம் என்று செல்போனில் புள்ளி வைத்துக் காட்டுவானாம். இன்னொருத்தன் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை வாங்கிக்கொண்டு, குடல் குலுங்கப் போய் அதைக் கண்டுபிடிப்பானாம். உள்ளே என்ன புதையலா இருக்கும்? ஒரு நோட்டு, ஒரு பேனா, நாலைந்து உதிரிச் சாமான். நோட்டில் பேரெழுதவேண்டும். ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்கவேண்டும். அவ்வளவுதான், திரும்பி வந்துவிடலாம். கொழுப்பைக் கரைக்க வீட்டில் நாலு குடம் தண்ணீர் தூக்கினால் போதாதா என்பது பட்டறைக் கிழவரின் கேள்வி.

தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் இருந்தது அவருடைய பட்டறை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வாசலில், இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் பூட்டிய பழைய லாரி ஒன்று. சேற்றிலும் மணலிலும் மாட்டிய வண்டிகளை இரும்புக் கயிறு கட்டி இழுத்து வருவதுதான் முப்பத்தைந்து வருஷமாகச் சோறு போடுகிறது. சுவரில் ஒரு பலகையும் அதில் வரிசையாக ஆணிகளும் இருந்தன. ஒரு வண்டியின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார் என்றால் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். வேலை முடியாமல் மாட்டிய சாவியைக் கழற்றியது கிடையாது. அவருக்கு வாக்கு என்பது வாயில் இல்லை, ஆணியில் இருந்தது.

தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. வின்ச் ஓடும்போது எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. மாட்டிக்கொண்ட வண்டியில் இருப்பவர் கதவுத் தகட்டில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் இழு. மூன்று தட்டு என்றால் நிறுத்து.

ஒருநாள் மத்தியானம் மகள் போன் செய்தாள். நிறைமாசக்காரி. அவள் புருஷன் நேற்றுக் காலையில் டப்பா தேடிப் போனவர் இன்னும் வரவில்லையாம். எங்கே என்று கேட்டார். வறண்ட ஏரி என்றாள். கிழவர் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். பேங்க்கில் குளுகுளு அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற மனுஷனுக்கு வறண்ட ஏரியில் என்ன வேலை? வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வானேன்?

அவர் மூச்சு வாங்கும்வரை மகள் பொறுத்திருந்தாள்.

"அப்பா, முதல்ல ஆளைக் கொண்டுவந்து சேருங்க. அப்புறம் ஆசை தீரத் திட்டிக்கோங்க. நானும் கூடச் சேர்ந்து திட்டுறேன்."

போனை வைத்துவிட்டாள். கிழவர் லாரியைக் கிளப்பினார்.

வறண்ட ஏரி என்பது பேருக்குத்தான். மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, அப்பளம் மாதிரி. அடியில் கறுப்புச் சேறு. எவ்வளவு ஆழம் என்று அளந்தவன் வந்து சொன்னதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த ஏரியிலிருந்து அவருக்கு ஒரு போன் வந்திருந்தது. யாரோ ஒருத்தன். ஜீப் இறங்கிக்கொண்டே போகிறது, கதவு திறக்கவில்லை, சீக்கிரம் வாங்க என்றான். அதற்கு முந்தின மாசம்தான் இப்படி இரண்டு பேர் கூப்பிட்டு, நாள் முழுக்க அலையவிட்டு, போன இடத்தில் ஈ காக்கை இல்லாமல் ஏமாற்றியிருந்தார்கள். எனவே கிழவர், "வர்றேன். அங்கேயே இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். மறுபடி போன் வரவில்லை. யாரும் யாரையும் தேடி வரவுமில்லை. பொய் என்பது நிரூபணம் ஆகிவிட்டது என்றுதான் இன்றுவரை அவர் எண்ணம்.

ஏரிக்கரையில் லாரியை நிறுத்தினார். காற்று இல்லை. வெயில் மட்டும் வெள்ளைத் தரையில் பட்டுக் கண்ணைக் குத்தியது. மருமகன் வண்டியின் சக்கரத் தடம் நேராக உள்ளே போயிருந்தது. திரும்பிய தடம் இல்லை.

கூப்பிடு தூரத்தில் வண்டி நின்றது. பாதிக் கதவுவரை புதைந்திருந்தது. மருமகன் அதன் கூரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிழவர் பலகைகளை ஒன்றன்முன் ஒன்றாகப் போட்டு நடந்துபோனார். கிட்டே போகப்போக அழுகின வாடை வந்தது. அதற்குள்ளே பழைய எஞ்சின் ஆயில் வாடையும் இருந்தது.

"இறங்குங்க மாப்ள. ஊர்கோலம் முடிஞ்சுது."

மருமகன் உதடு வெடித்திருந்தது. குரல் எழும்பவில்லை.

"மாமா, அடியில ஆள் இருக்கு."

டப்பா கிடைத்ததாம். அதற்குள் ஒரு பழைய ஜீப் சாவி இருந்ததாம். அழகாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எதுவும் வைக்காமல் மூடிவிட்டாராம். பத்தடி வருவதற்குள் வண்டி இறங்கிவிட்டது. டப்பா இருந்த கற்குவியலும் அப்போதே சேற்றில் முழுகிப் போயிற்று. அப்போதிருந்து காலடியில் தட்டுகிற சத்தம் கேட்கிறது, ராத்திரி முழுக்க, விடிந்த பிறகும்.

எடுத்தால் வைக்கவேண்டும் என்ற ஒரே ஒரு விதியையும் இவர் மறந்திருக்கிறார். விளையாட்டே வெட்டி, அதிலும் திருட்டு ஆட்டம். கிழவர் கையை நீட்டினார். சாவி வந்தது. ஒருநாள் முழுக்க வெயிலில் இருந்தும் அதில் ஈரம் காயவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதை இங்கயே போட்டுடுங்க மாமா."

"இரும்பு. காசு கொடுத்தாலும் கிடைக்காத கெட்டி. சும்மா வாங்க."

மருமகன் இறங்கவில்லை. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் பேரில்லாமல், தேதியில்லாமல் ஒரே ஒரு வரி இருந்ததென்று மெதுவாகச் சொன்னார்.

"என்ன வரி?"

"அங்கேயே இருக்கேன்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் போனில் அவர் சொன்னதற்குப் பதில் அது.

அந்தப் போனைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம்கூட.

அடுத்த நொடியே காறித் துப்பினார். செல்போனையே ஒட்டுக்கேட்கிற உலகம் இது. எவனோ கேட்டிருப்பான், எழுதியிருப்பான். மருமகனின் காலைப் பிடித்து இழுத்துப் பலகைமேல் நிறுத்தி, கையோடு இழுத்துவந்த வின்ச் கொக்கியை வண்டியின் அடிச் சட்டத்தில் மாட்டிவிட்டு, கரைக்குக் கூட்டிவந்தார்.

வின்ச்சை ஓட்டினார். இரும்புக் கயிறு விறைத்தது. லாரி முனகியது.

டக் டக்.

பழகின காது. இரண்டு தட்டு. கிழவர் யோசிக்காமல் வேகத்தைக் கூட்டினார். சேறு சப்புக்கொட்டிக்கொண்டு வண்டியை விட்டது. பொருக்கின்மேல் சறுக்கிக் கரைக்கு வந்து நின்றது.

அப்புறம்தான் உறைத்தது. மருமகன் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டியில் ஆளே இல்லை.

டக் டக்.

வண்டி கிடந்த பள்ளத்திலிருந்து வந்தது.

கறுப்புச் சேறு மெதுவாகக் கூடி வாயை மூடிக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில், தகட்டில், விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். அவசரமில்லை. ஏழு வருஷம் பொறுத்தவன் தட்டுகிற மாதிரி.

"மாமா, இன்னொரு வண்டி இருக்கு."

"காத்துக்குமிழி" என்றார் கிழவர். "சேறு ஏப்பம் விடுது. வண்டியில ஏறுங்க, அங்க ஒருத்தி வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கா."

ஆனால் கொக்கியை அவசரமாகக் கழற்றினார். மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்கு வந்து சேரும்போது பொழுது சாயவில்லை. மகள் வாசலில் நின்றாள். புருஷனைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தாள். சொன்னபடி இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள். மருமகன் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. அதற்கே கிழவருக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. அவர்களை அனுப்பிவிட்டு, லாரிச் சாவி, பெட்டிச் சாவி, பையில் கிடந்த சாவி எல்லாவற்றையும் எடுத்து, போகிற போக்கில் ஆணிகளில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனார். முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம். கை தானாகச் செய்தது.

காலையில் பட்டறையைத் திறந்தபோது ஆயில் வாடையோடு அழுகின வாடையும் வந்தது. கடைசி ஆணியில் அந்தச் சாவி தொங்கியது. அதன் நுனியிலிருந்து கறுப்புச் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சிமெண்டில் தட்டளவுக்குத் தேங்கியிருந்தது.

மாட்டியிருக்கக் கூடாது. மாட்டியாகிவிட்டது.

கழற்றக் கையை நீட்டினார். அவருடைய காலடியில், சிமெண்டுக்கு அடியில், தகடு ஒலித்தது.

டக் டக்.

கிழவர் கையைக் கீழே இறக்கினார். அந்தச் சேற்றைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், வாசலில் நின்ற வின்ச் லாரியைப் பார்த்தார்.

"வெயில் ஏறினா கூரைத் தகரம் இப்படித்தான் சத்தம் போடும்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பட்டறையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு, தார் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

வெயில் எங்கேயும் இல்லை. விடிந்ததிலிருந்து வானம் மூடிக் கிடந்தது.