ரோகிணியின் கைராசி

ரோகிணி நட்ட தக்காளி நாற்று இரண்டாவது முறையும் பட்டுப்போயிற்று.

"அவளுக்குக் கைராசி இல்ல. அதான் செடி நிக்க மாட்டேங்குது," என்று முத்துப்பாண்டி தீர்ப்புச் சொன்னான். அவனுடைய அப்பா திருநகரில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். அதனால் செடி விஷயத்தில் ஐந்தாம் வகுப்புக்கு அவன் வைத்ததுதான் சட்டம்.

அன்றிலிருந்து பள்ளித் தோட்டத்தில் ரோகிணியை யாரும் மண்ணைத் தொட விடவில்லை. அவள் கைகளைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். தோழி பெர்சிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கைராசி இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று முத்துப்பாண்டியிடம் கேட்டாள்.

"ரெண்டு செடி செத்துருச்சுல்ல? இது என்னோட கோட்பாடு!"

"கோட்பாடுன்னா அம்புட்டு லேசா? நேத்துத்தான டீச்சர் சொன்னாங்க! எத்தனையோ பேரு சோதிச்சுப் பார்த்தும் அசையாம நிக்கணும். ஏன், எப்படின்னும் விளக்கணும். கிருமியால நோய் பரவுதுங்கறது கோட்பாடு. நீ சொல்றது இனிமேத்தான் சோதிக்க வேண்டிய ஊகம். அதுக்குப் பேரு கருதுகோள்."

"அப்ப சோதிச்சுக்க!"

"சரி. ரோகிணி நட்டது ரெண்டும் சுவரோர மூலையிலதான் இருந்துச்சு. இப்ப அங்க நீ நடு. உன் இடத்துல அவ நடட்டும்."

ரோகிணி பெர்சியைத் தனியே இழுத்தாள். கண்கள் கலங்கியிருந்தன. "வேணாம்டி. இதுவும் பட்டுப்போச்சுன்னா?"

"போனாப் போகுது. அப்பவும் உன் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் வீட்டுக்கு வருவேன்."

ரோகிணி நட்டாள். முத்துப்பாண்டியும் நட்டான். இரண்டுக்கும் பெர்சியே ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த வாரம் ரோகிணியின் நாற்று துளிர் விட்டிருந்தது. சுவரோரத்தில் முத்துப்பாண்டியின் நாற்று தலை தொங்கிக் கிடந்தது. அவன் முகமும் அப்படித்தான் இருந்தது.

"எங்க பண்ணை நாத்து! எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

ரோகிணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் மேல தப்பு இருக்காது, முத்துப்பாண்டி," என்றாள். அவள் செடிகள் பட்டபோது தான் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெர்சி குனிந்து மண்ணை முகர்ந்தாள். "பினாயில் வாடை! வகுப்பு துடைச்ச தண்ணிய நாம இங்கதான ஊத்துறோம்?"

"அப்ப பினாயில்தான் கொன்னுருச்சு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"அதுவும் கருதுகோள்தான். தண்ணிய வேற பக்கம் ஊத்துவோம். மண்ண மாத்தி, திரும்ப நட்டுப் பார்ப்போம்."

மறுநாள் முத்துப்பாண்டி ஒரு நாற்றோடு வந்து ரோகிணியிடம் நீட்டினான். "இந்தா, நீயே நடு."

"நானா?"

"ஆமா. உனக்குத்தான் இம்புட்டு நல்ல கைராசி!"

'அதையும் சோதிக்கணும்' என்று சொல்ல பெர்சி வாயைத் திறந்தாள். ரோகிணி மணிக்கட்டு வரை மண்ணுக்குள் கைவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெர்சி வாயை மூடிக்கொண்டாள்.