ஓடுகள் திரும்பிய பக்கம்

மனைவி சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே நுழைந்ததும் கண்ணாடித் தொட்டியிலிருந்த நாட்டிலஸ்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

தொட்டிக்காரன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான். கடல்வாழ் காட்சியகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில்தான் யாருக்காவது ஞாபகம் வரும். அவன் பொறுப்பில் இருந்தது கடைசி அறை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்த அறையில் மங்கலான சிவப்பு விளக்கும், தண்ணீரைக் குளிரவைக்கும் எந்திரத்தின் ஓயாத முனகலும், ஈரச் சிமெண்டில் உப்புக் காய்ந்த வாடையும்தான். ஆழ்கடல் இருட்டில் பிறந்த பிராணிகளுக்கு வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு அவை. ஆனால் முதுகில் செம்பழுப்பு வரி போட்ட சுருள் ஓடு, முகம் முழுக்க விரல் விரலாக மெல்லிய கைகள். பகலெல்லாம் பாறையைப் பற்றிக்கொண்டு உறங்கும்.

அன்றைக்கு உறங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பாறையை விட்டுக் கழன்று, மிதந்து வந்து, அவள் நின்ற இடத்துக் கண்ணாடியில் மோதின.

"ஏங்க, இதுங்க என்னையா பார்க்குது?"

"அதுங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எல்லாம் மோப்பம்தான்."

"அப்போ சாப்பாட்டு வாசனையா இருக்கும்."

டப்பாவை வாங்கி வெளியே வைத்துவிட்டு வந்தான். அவை நகரவில்லை. அவள் கண்ணாடியை ஒட்டி அந்தக் கோடிக்கு நடந்தாள். டொக், டொக்கென்று ஓடுகள் இடிபட அவையும் கூடவே போயின. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து வாசனை தண்ணீருக்குள் எப்படிப் போகும் என்று அவனுக்குப் புரியவில்லை.

டிக்கெட் கொடுக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன தொட்டி, தூங்குற சங்கைக் காட்டியா காசு வாங்குறீங்கன்னு ஜனங்க என்னைத்தானே திட்டுறாங்க! உன் வீட்டம்மா வந்ததும் எல்லாம் எழுந்து நிக்குதே. தினமும் வரச் சொல்லுப்பா."

மனைவி சிரிப்பதுபோல உதட்டை இழுத்தாள். அவனுக்கு அதுவும் வரவில்லை. அந்தப் பிராணிகள் எதற்காக எழுந்து வரும் என்று அவனுக்குத் தெரியும். உயிருள்ள இறாலைப் போட்டால் அவை சட்டை செய்வதில்லை. அவன் கையை உள்ளே விட்டால் ஒதுங்கிப் போகும். வாளியில் செத்த இறாலோ செத்த நண்டோ வரும்போது மட்டும் எங்கிருந்தாலும் தேடி வரும்.

போன கோடையில் அவள் குளியலறையில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் டாக்டர் வந்து அவன் தோளில் கை வைத்து, "மன்னிச்சிடுங்க, எங்களால ஆனதைப் பார்த்துட்டோம்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. நிறுத்திய மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நிற்பதுபோல உள்ளே ஏதோ நின்றது. அப்போதுதான் நர்ஸ் ஓடி வந்தாள். "சார், மூச்சு வருது! வாங்க!"

மறுபிறவி என்றார்கள். அவனும் ஆமாம் ஆமாம் என்றான். ஆனால் உள்ளே நின்றது நின்றதுதான்.

வீட்டுக்கு வந்தவள் எப்போதும்போலச் சமைத்தாள், துவைத்தாள், பேசினாள். உடம்பெல்லாம் மரத்த மாதிரியே இருக்கிறது என்று மட்டும் சொல்வாள். நரம்பு மெல்லத்தான் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மாலை அவன் முதல்முறையாக அவளை உற்றுப் பார்த்தான். அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஈ அவள் கன்னத்தில் இறங்கி, உதட்டோரம் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டு, மூக்கின் மேல் ஏறி, இமையைத் தாண்டி, விழியின் ஈரத்தில் கால் வைத்தது. அவள் இமைக்கவில்லை. விளம்பரம் முடிந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாள்.

"கை! கையைப் பாரு!"

வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் இழுத்துப்போய்க் குழாயடியில் காட்டினான். கொப்புளம் வரும் என்று காத்திருந்தான். விடிந்தும் வரவில்லை. தோல் மட்டும் தண்ணீரில் ஊறிய காகிதம்போல வெளுத்திருந்தது. அவளிடமிருந்து ஒரு வாடை வந்தது. சோப்பு வாசனைக்கு அடியில், லேசாக. வாளியின் வாடை.

டாக்டரிடம் போகலாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அந்த மனிதர் இன்னொரு முறை தோளில் கை வைத்துவிட்டால்?

"இனிமே சாப்பாடு கொண்டு வராதே. நான் வெளியில பார்த்துக்கறேன்."

"சரிங்க."

ஆனால் வந்தாள்.

பம்பு அறையில் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். எந்திரத்தின் முனகலுக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது. குழாயை நிறுத்தினான். சிரிப்பு. அவளுடைய சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது.

ஓடினான். தொட்டிக்குப் பின்னால் இரும்பு ஏணி. ஏணி உச்சியில் அவள். மூடி நகர்ந்திருந்தது. ஒரு கை தண்ணீருக்குள். கை தெரியவில்லை. ஓடுகள்தான் தெரிந்தன. கொத்தாக. ஒன்றின் மேல் ஒன்று. மெல்ல அசைந்தன.

"கையை எடு!"

"இருங்க... கூசுதுங்க."

தோளைப் பிடித்து இழுத்தான். கையோடு அவையும் மேலே வந்தன. தொங்கின. ஒவ்வொன்றாக விட்டு விழுந்தன. கடைசியாக விழுந்ததன் வாயில் கிளி மூக்கு மாதிரி ஒன்று இன்னும் மென்றுகொண்டிருந்தது.

இரண்டு விரல்களில் நகம் இல்லை. நகத்துக்குக் கீழே சதையும் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

"வலிக்கலையா?"

"வலிச்சாக்கூட நல்லா இருக்கும்ங்க. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதிலேர்ந்து எதுவுமே தெரியலை. சுடலை, குளிரலை. நீங்க தொட்டாக்கூடத் தெரியலை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்." விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இப்பத்தான் ஏதோ தெரிஞ்சுது."

துணியால் சுற்றிக் கூட்டிப்போனான். யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை. அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். ஈக்கள் கூடின. ஜன்னல்களைச் சாத்தினான். சாத்தியதும் வாடை வீட்டுக்குள்ளேயே நின்றது. சாம்பிராணி, வாசனைத் திரவியம், எதுவும் எடுபடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கிறேன் என்றான்.

"என்னங்க, மறுபடி எப்போ அங்க கூட்டிட்டுப் போவீங்க?"

மறுநாளும் கேட்டாள். சினிமாவுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். கண்ணில் மட்டும் ஒரு கெஞ்சல். அவள் திரும்பி வந்த பிறகு அவளிடம் அவன் பார்த்த ஒரே ஆசை அது.

காட்சியகத்துக்கு வார விடுமுறை. நல்ல பகல் வேளை. பின்கதவைத் திறந்தான். அவள் முன்னால் போனாள். வாசலில் கால் வைத்ததுமே உள்ளே டொக் டொக்கென்று சத்தம்.

ஏணியில் ஏற்றினான். விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவளுடைய நீளச் சட்டைக் கை நனையுமே என்று தோன்றியது. மடித்துவிட்டான். முழங்கை வரை. அதற்கு மேலும்.

அவள் கையை இறக்கினாள். இருட்டிலிருந்து ஓடுகள் எழுந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். சிறு பிள்ளைபோல. கால் விரலெல்லாம் மடங்கியது.

"நல்லா இருக்கா?"

"ம்."

அவன் நின்றுகொண்டிருந்தான். சிவப்பு வெளிச்சம். எந்திரத்தின் முனகல். அதற்கடியில் மொறுமொறுவென்று இன்னொரு சத்தம். நெடுநேரம்.

பிறகு அவள் கையை மேலே எடுத்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளை வெளேரென்று மினுங்கியது. தண்ணீர் சொட்டியது. தண்ணீர் மட்டும்.

மறு கையை அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் அந்தச் சட்டைக் கையையும் மடிக்கத் தொடங்கினான்.