ஜெனிலாவும் மதியக் கிரேனும்

ஜெனிலா மதியம் தூங்கினால் ஒரே கனவுதான் வரும். துறைமுகத்துக் கிரேன் வீட்டுக் கூரையைத் திறந்து, அவளைக் கண்டெய்னர் மாதிரி தூக்கிக் கப்பலில் வைக்கப் பார்க்கும். "இறக்கு!" என்று அவள் போடுகிற கூச்சலில், பக்கத்து அறையில் தூங்கும் அப்பா எழுந்துவிடுவார்.

அப்பா தேவமணி நிஜமாகவே கிரேன் ஓட்டுபவர். ராத்திரி வேலை, பகலில் தூக்கம்.

"ஏளா, தூங்காம அப்பா கிரேன்ல ஏறுனா ஆபத்து. இன்னொரு தடவ கத்துனா, லீவு முடியுற வரைக்கும் நீ சாத்தான்குளத்து அத்த வீட்டுலதான்" என்றாள் அம்மா.

அத்தை நல்லவள்தான். ஆனால் விடிவதற்குள் எழுப்பிப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பாள்.

"கனவுக்குள்ளயே இது கனவுன்னு தெரிஞ்சா கத்த மாட்டேன்" என்றாள் ஜெனிலா.

"எப்படித் தெரியும்?" என்றான் தம்பி பெவின்.

ஜெனிலா யோசித்தாள். கடலில் முங்கும்போது மூக்கைப் பிடித்தால் மூச்சு வராது. கனவில்?

"கனவுல பிடிக்கிறது கனவு மூக்கு. நிஜ மூக்கு பாயில சும்மாதான கிடக்கும்? மூச்சு வந்துட்டா அது கனவு!"

"அப்போ உனக்கு ரெண்டு மூக்கா?" என்றான் பெவின்.

பழகினால்தான் கனவிலும் கை தானாகப் போகும். வாசலில் பிடித்தாள், மாடியில் பிடித்தாள். மகாராஜன் அண்ணாச்சி கடையில் கருவாட்டுக் கூடைக்கு முன்னால் பிடித்ததுதான் தப்பு.

"அவ்வளவா நாறுது? காலையில வந்த சரக்கு, ஏளா!"

"இல்ல அண்ணாச்சி, நான் முழிச்சிருக்கேனான்னு பாத்தேன்."

அண்ணாச்சி ஒரு கருவாட்டை எடுத்துத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கிரேன் வந்தது. மூக்கைப் பிடித்தாள். மூச்சு ஜம்மென்று வந்தது. கனவேதான்! சந்தோஷத்தில், "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்திவிட்டாள்.

அப்பா எழுந்துவிட்டார். அம்மா பையில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

"அம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும்!" என்று கெஞ்சி வாங்கினாள் ஜெனிலா.

சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். அம்மா சோற்றை இறக்கினாள். உள்ளங்கையைக் காட்டினார். நிறுத்தினாள். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

"வாயால சொன்னா என்னவாம்?" என்றாள் அம்மா.

"பழகிப்போச்சு. கீழ நின்னு என்ன கத்துனாலும் கிரேன் மேல இருக்கிறவனுக்குக் கேக்காது. கைச் சைகைதான்."

ஜெனிலா கையில் எடுத்த அப்பளம் பாதி வழியில் நின்றது.

மறுநாள் மதியம். கிரேன் வந்தது. மூக்கைப் பிடித்தாள். மூச்சு வந்தது. சந்தோஷத்தை அப்படியே விழுங்கினாள். கிரேன் தூக்கியது. கீழே உப்பளங்கள் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தன. தொண்டை வரை வந்த கூச்சலை உதட்டை இறுக்கி அடைத்தாள்.

உள்ளங்கையைக் காட்டினாள். கிரேன் நின்றது.

விரலைக் கீழே காட்டிச் சுழற்றினாள். முட்டையை வைப்பதுபோல அவளை மெதுவாகத் தரையில் வைத்தது. பிறகு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

பாவம், இத்தனை நாளும் யாருமே அதற்குச் சைகை காட்டவில்லை!

ஜெனிலா அதைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு விரலை மேலே காட்டிச் சுழற்றினாள்.

சாயங்காலம் அப்பா பதறி எழுந்தார்.

"என்ன, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்? பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

பாயில் ஜெனிலா சிரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் மேல்நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

"மேல தூக்கச் சொல்லுதா!" என்றார் அப்பா.

பையிலிருந்த துணிகளை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்த அம்மா, அவரிடம் உள்ளங்கையைக் காட்டினாள்.

"மெதுவா பேசுங்க. பிள்ளை டூட்டியில இருக்கா."