இரும்பு தின்னும் தண்ணீர்

பின் படுக்கையறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரின் மேல் மூலையிலிருந்த திருகைத் திறந்துவிட்டு, கந்தல் துணியோடு மண்டியிட்டிருந்தாள் மாக்சீன். உள்ளே அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறும், பின்னாலேயே தண்ணீர் எட்டிப் பார்க்கும், திருகை மூடிவிடலாம். யார்க்‌ஷயரில் எல்லா வீட்டிலும் குளிர்காலத்தில் நடக்கிற வேலைதான். ஆனால் இதை நேற்றும் செய்தாள், முந்தாநாளும் செய்தாள். இன்றோ சீறல் நிற்பதாயில்லை. நனைந்த சாம்பலையும் பழைய காசையும் சேர்த்து முகர்ந்தது போல ஒரு வாடை அறையெங்கும் பரவியது. நடுவில் ஒருமுறை சத்தம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில், அவள் பிடித்திருந்த துணியின் ஓர் இழை திருகின் துளைக்குள் மெல்ல இழுபட்டது.

வெடுக்கென்று இழுத்து, திருகை இறுக்கி மூடினாள்.

வேக்ஃபீல்டு சாலைகளில் ஆயுளில் பாதியை பஸ் ஓட்டியே கழித்து, இரண்டு வருடம் முன்பு புத்தம்புதிதாக அவள் வாங்கிய வீடு. கட்டிய கம்பெனியின் வாரண்டி நாளையோடு தீர்கிறது. ரேடியேட்டர்கள் உள்ளே துருவரித்தது தங்கள் தவறுதான் என்று அவர்கள் இன்றே ஒப்புக்கொண்டாக வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் மாற்ற அவளிடம் காசில்லை, இந்த வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான்.

நான்கு மணிக்கே இருட்டிவிட்ட டிசம்பர் மாலையில் கம்பெனி ஆள் டாரன் லோமஸ் வந்தான். காலணியைக் கழற்றாமல் நேரே மாடிக்கு ஏறினான்.

"தினமும் திருகைத் திறக்கிறீங்க, அழுத்தம் குறையுதுன்னு புதுத் தண்ணி விடுறீங்க. புதுத் தண்ணி போனா துருப் பிடிக்கத்தான் செய்யும், செல்லம். இது உங்க தப்பு. வாரண்டி செல்லாது."

"செல்லம் கொஞ்சுறத உங்க வீட்டோட வச்சுக்கோங்க. என் பேரு மிஸஸ் ஓல்ட்ராய்டு."

"சரிங்க, மிஸஸ் ஓல்ட்ராய்டு."

"கட்டுன வருஷம் கிறிஸ்துமஸுக்குள்ள விக்கணும்னு, சுவர்ப் பூச்சு காயறதுக்காக ஆளில்லாத வீட்டுல வாரக்கணக்கா பாய்லர ஓட்டுனீங்க. தண்ணியில துருத்தடுப்பு மருந்த ஊத்துனீங்களா? அப்ப இங்க மேஸ்திரியா நின்னது நீங்கதானே?"

அவன் காது மடல் சிவந்தது.

"காத்துதான் அடைச்சிருக்குன்னா இது எரியாது. மருந்தில்லாத தண்ணி இரும்பத் தின்னு வர்ற வாயுன்னா எரியும். பாருங்க."

திருகைத் திறந்து லைட்டரை நீட்டினாள். துளையில் குட்டி நீலச்சுடர் பற்றிக்கொண்டது. லோமஸ் உதட்டைக் கடித்தான். அதற்குள் சுடர் சாய்ந்தது. உள்பக்கமாக. துளைக்குள் போய் மறைந்தது. மறுபடி வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.

யாரோ நிதானமாக மூச்சு விடுவது போல.

மாக்சீனின் பிடரி சில்லிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"எ... என்ன வித்தை காட்டுறீங்க?"

"என் வீட்டுல நான் எதுக்கு வித்தை காட்டணும்?" சுடரை ஊதி அணைத்துத் திருகை மூடினாள். "பயமாயிருந்தா தப்ப ஒத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"யாருக்குப் பயம்? கீழ துருவப் பிடிக்கிற காந்த வடிகட்டி இருக்குல்ல, அத ஒருநாளாவது கழுவியிருப்பீங்களா? இப்பத் தெறந்து காட்டுறேன். அப்புறம் பேசுங்க."

சமையலறையில் பாய்லருக்கு அடியில் பிளாஸ்டிக் தொட்டியை வைத்தான். இருபக்கக் குழாய்களையும் அடைத்துவிட்டு வடிகட்டியைத் திருகிக் கழற்றினான். தண்ணீர் வரவில்லை. கறுப்புச் சேறுதான் வந்தது, கூழ்போலக் கெட்டியாக, பளபளப்பாக. தொட்டி நிறைந்தது. அந்தச் சின்ன வடிகட்டிக்குள் அவ்வளவு சேறு இருக்கவே முடியாது. கடைசியில் காந்தத் தண்டை உருவி, எட்ட இருந்த மேசைமேல் வைத்தான்.

காந்தம் போனால் சேறு தளர்ந்து படிய வேண்டும்.

நிமிர்ந்தது.

முள்முள்ளாக. ஓசையில்லாமல். மேசைப் பக்கம் அது திரும்பவேயில்லை. லோமஸின் பக்கம் திரும்பியது.

"ரேடியேட்டர்ல தின்ன இனி இரும்பு இல்ல போலிருக்கு," என்றாள் மாக்சீன். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஒத்துக்கோங்க, லோமஸ். மருந்து ஊத்தலைன்னு வாயால சொல்லுங்க."

"ஊத்தல," என்றான். "சத்தியமா ஊத்தல. என்னை வெளிய விடுங்க."

வாசலுக்குத் திரும்பியவன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அது கீழே விழவில்லை. இழையாக நீண்டது. காற்றில் கிடையாக, அறுபடாமல், தொட்டியை நோக்கிப் போயிற்று.

மாக்சீனின் நாக்கில் இரும்பு கரித்தது. மேலுதட்டில் வெதுவெதுப்பாக ஏதோ ஊர்ந்தது.

அவள் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

"இது என் வீடு," என்றாள் தொட்டியைப் பார்த்து.

கறுப்பு முட்கள் எல்லாம் ஒருசேர அவள் பக்கம் சாய்ந்தன.