பசிபிக்கில் ஒரு கிரவுண்டு

போன் அலறியது!

சான் ஹோசே. 1998. சனிக்கிழமை காலை.

திருமூர்த்தி இட்லியைச் சட்னிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"எடுக்காதீங்க. ஏதாவது மாப்பிள்ளை கேஸாத்தான் இருக்கும்," என்றாள் வள்ளி.

திருமூர்த்தி பொள்ளாச்சிக்காரர். கலிஃபோர்னியா லைசென்ஸ் வாங்கிய பிரைவேட் டிடெக்டிவ். வள்ளி தூத்துக்குடிக்காரி. அவருக்கு மனைவி, பார்ட்னர், சமயத்தில் மேலதிகாரி. தொழிலில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் நிஜமாகவே சிலிக்கான் வேலியில் வேலை பார்க்கிறானா? ராத்திரி தண்ணி அடிப்பானா? வெள்ளைக்காரி யாராவது ஏற்கெனவே...? கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெண்ணைப் பெற்றவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள்.

இது அந்த போன் இல்லை.

"அண்ணா... நான் தென்றல் பேசறேன்...! செழியனைப் போலீஸ் அழைச்சிட்டுப் போயிட்டாங்கண்ணா... கிட்டுசாமி அண்ணனைக் கொன்னுட்டார்னு சொல்றாங்க...!"

இட்லி சட்னிக்குள் முழுசாக மூழ்கியது.

"கிட்டுசாமி... செத்துட்டாரா?"

"நேத்து ராத்திரி. அவர் வீட்டு கராஜ்ல... தோசைக்கல்லால மண்டையில அடிச்சிருக்காங்க..."

"யாரோட தோசைக்கல்?"

மறுமுனையில் ஒரு விம்மல்.

"எங்களோடதுண்ணா...!"

* * *

தென்றலுக்கு எட்டாவது மாதம். சோபாவில் சாய முடியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் செழியன் சாப்ட்வேர் இன்ஜினியர். கோபக்காரன். ஆனால் கரப்பான்பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்தி வெளியே விடுகிற ஜாதி.

"முதல்ல இருந்து சொல்லும்மா," என்றாள் வள்ளி.

"கிட்டுசாமி அண்ணனும் வெங்கட்டும் சேர்ந்து பிளாட் வித்தாங்கல்ல அக்கா... அமெரிக்கன் சமோவால..."

சான் ஹோசேயில் அதைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் கிடையாது. பசிபிக் நடுவில் ஒரு தீவு. அமெரிக்கக் கொடி பறக்கிறது. டாலர் ஓடுகிறது. பேரிலேயே அமெரிக்கா இருக்கிறது! 'இன்னும் பத்து வருஷத்தில் இன்னொரு ஹவாய்' என்றது பளபளப்பான நோட்டீஸ். போட்டோவைப் பார்த்தே புக் செய்தார்கள். தமிழன் சந்திரனுக்குப் போனாலும் முதலில் கேட்பது, இங்கே கிரவுண்டு என்ன விலை என்பதுதான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் செழியனுக்கு ஒரு ஃப்ரெண்ட் சொன்னார். அந்தத் தீவுல வெளியாளு நிலமே வாங்க முடியாதாம். எல்லாம் குடும்பச் சொத்தாம். ஊர்த் தலைவர் கையிலதான் இருக்குமாம்."

"செழியன் கோவமாக் கிளம்பிட்டானாக்கும்?"

"ஆமாக்கா. கிட்டுசாமி அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தியிருக்கார். ஆனா அண்ணன் அழுதுட்டாராம். 'எனக்கே நேத்துதான் தெரியும் தம்பி. வெங்கட் என்னையும் ஏமாத்திட்டான். ஞாயித்துக்கிழமை லிவர்மோர் கோயில்ல எல்லார் முன்னாடியும் சொல்லி மன்னிப்புக் கேக்கப் போறேன்'னாராம். இவரும் சமாதானமாகி வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டார்..."

"அப்புறம் தோசைக்கல்?"

"போன மாசப் பாட்லக்ல அங்கயே விட்டுட்டு வந்துட்டோம். அடியில மாஸ்கிங் டேப்ல என் பேர் எழுதி ஒட்டியிருக்கு. அதுல செழியன் கைரேகை இருக்காம்..."

வள்ளி பெருமூச்சு விட்டாள். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துப் போகும் பாட்லக் விருந்துகளால், பே ஏரியாத் தமிழர் வீட்டுப் பாத்திரத்தில் பாதி அடுத்தவர் வீட்டில்தான் இருக்கும். அவள் வீட்டு அலமாரியிலேயே நான்கு பேருடைய குக்கர் மூடி கிடக்கிறது. இதை அமெரிக்கப் போலீசுக்கு எப்படிப் புரிய வைப்பது?

"இன்னொண்ணு கேக்கறேன். அந்தப் பிளாட் நோட்டீஸ் இருக்கா?" என்றாள்.

"இல்லக்கா. செழியன் கோவத்துல கிழிச்சுப் போட்டுட்டார். அண்ணன் கராஜ்ல கட்டுக் கட்டா இருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்லையாம்."

திருமூர்த்தி தலையை ஆட்டினார்.

"வீடு, முன்னாடி தென்னை மரம், வாசல்ல வெள்ளை சிமென்ட் மேடை. 'பார்பிக்யூவுக்குத் தயார்'னு போட்டிருப்பாங்க."

வள்ளி சட்டென்று திரும்பினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோயில்ல... யாரோ காட்டினாங்க."

திருமூர்த்தி இருமினார். தொண்டையில் ஒன்றுமில்லை.

தென்றல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை கோர்ட்டுல நிறுத்தப் போறாங்களாம். வேலை போயிடும். வேலை போனா விசா போயிடும். குழந்தை பொறக்கறப்ப அவர் ஜெயில்லயும் நான் ஃப்ளைட்லயும் இருப்பேனாக்கா...?"

வள்ளிக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க எழுந்தாள்.

"அழாத. ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாள் இடையில இருக்குல்ல?"

* * *

"கிட்டுசாமி வாயைத் திறந்தா யாருக்கு நஷ்டம்?" காரில் ஏறியதும் கேட்டாள் வள்ளி.

"பார்ட்னர் வெங்கட்டுக்கு. திட்டமே அந்தாளோடதுதான். ஆனா வெங்கட் பிளாட் ரிஜிஸ்டர் பண்ணப் போறேன்னு போன வாரமே சமோவா போயிட்டான். தலைநகர் பாகோ பாகோல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஃப்ளைட். வெள்ளிக்கிழமை கொலை நடந்தப்ப அவன் பசிபிக் நடுவுல இருந்தான்."

"யார் சொன்னா?"

"நீ கிளம்பிட்டிருந்தப்ப அவனே போன்ல சொன்னான். போலீசும் டிக்கெட் வாங்கியிருக்கான்னு பார்த்துட்டு விட்டுட்டாங்களாம். நாளைக்கு சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்ல வந்து எறங்கறான். கிட்டுசாமி காரியத்துக்கு. என்னை பிக்கப் பண்ண வரச் சொல்லியிருக்கான்."

வள்ளி சாவியைத் திருகினாள்.

"நாம ரெண்டு பேரும் போவோம். கூட அந்த சார்ஜென்ட்டையும் கூட்டிட்டுப் போவோம்."

சார்ஜென்ட் டவீட்டாதான் கேஸை விசாரிக்கிறவர். பீரோ சைஸ் ஆள். பேச்சு குறைவு. வள்ளி அவரிடம் போய் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் கெஞ்சினாள்.

'ஒரு தடவை எங்க கார்ல வாங்க. வெங்கட் பேசறதைக் கேளுங்க. அதுக்கப்புறமும் செழியன்தான்னு தோணினா, நாங்க மாப்பிள்ளை விசாரிக்கப் போயிடறோம்.'

சார்ஜென்ட் யோசித்தார். வெங்கட்டிடம் வாக்குமூலம் வாங்கியது அவருடைய ஜூனியர், அதுவும் போனில். அவர் வெங்கட்டைப் பார்த்ததே இல்லை.

"ஓகே," என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை.

* * *

ஞாயிறு மதியம். ஏர்போர்ட் வாசல்.

வெங்கட் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கழுத்தில் சிப்பி மாலை. கண்ணில் சோகம். இரண்டுமே புதுசாக வாங்கிய மாதிரி இருந்தன.

"திருமூர்த்தி சார்... கிட்டு போயிட்டானே சார்...!"

வள்ளி மினி வேனை ஓட்டினாள். பக்கத்தில் திருமூர்த்தி. பின்சீட்டில் வெங்கட்டும் சார்ஜென்ட்டும். அதாவது முக்கால் சீட்டில் சார்ஜென்ட், மிச்சத்தில் வெங்கட்.

"போலீஸ்காரர். செழியன் கேஸ் இவர்தான் பார்க்கறார். ரைடு கேட்டார்," என்றாள் வள்ளி.

"ஹலோ சார்," என்ற வெங்கட், தமிழில் குரலைத் தாழ்த்தினான். "மெக்ஸிகனா மேடம்?"

"நான் கேட்டுக்கலை."

101 ஃப்ரீவேயில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கார்கள் ஊர்ந்தன.

"ஊர் எப்படி இருந்துச்சு வெங்கட்? இங்கிலீஷ்லயே சொல்லுங்க. பாவம், அவருக்கும் பொழுது போகட்டும்," என்றாள் வள்ளி.

வெங்கட்டுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பொழிந்து தள்ளினான். (நம் வசதிக்குத் தமிழில்.)

"மொத்தம் ஏழு தீவு. டுட்டுயிலாதான் பெரிசு. எரிமலையில உருவானது. பாகோ பாகோ ஹார்பர் இருக்கே, பசிபிக்லயே அருமையான ஹார்பர்!"

"கவர்மென்ட்?"

"கவர்னரை ஜனங்க எலக்ட் பண்றாங்க. ரெண்டு சபை. கீழ்ச்சபைக்கு ஓட்டு உண்டு. செனட்டுக்கு ஊர்த் தலைவர்கள் சேர்ந்து ஆள் அனுப்புவாங்க. வாஷிங்டனுக்கு ஒரு பிரதிநிதி. அவர் பேசலாம், சபையில ஓட்டுப் போட முடியாது."

"கல்யாண வீட்டு மாப்பிள்ளையோட சித்தப்பா மாதிரி," என்றார் திருமூர்த்தி.

"அங்க பொறந்தவங்க அமெரிக்க நேஷனல். ஆனா சிட்டிசன் இல்லை. இமிக்ரேஷன்கூட அவங்களுக்குத் தனி."

"எக்கானமி?"

"ரெண்டே விஷயம். கவர்மென்ட் வேலை, டூனா மீன். ஹார்பர் கரையிலயே ரெண்டு பெரிய கேனரி. ஆயிரக்கணக்கான பேர் மீனை வெட்டி டின்ல அடைக்கறாங்க."

ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. என்சைக்ளோபீடியா சிடியை விழுங்கி ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது. சார்ஜென்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமூர்த்திக்கு வியர்த்தது. இவன் நிஜமாகவே போயிருக்கிறானோ...?

"எங்க தங்கினீங்க?" என்றாள் வள்ளி.

"ஹார்பருக்கு எதிர்லயே ஹோட்டல், மேடம். ஒரு வாரமும் ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் தூங்கினேன். அந்தக் காத்து இருக்கே... ஆஹா! மல்லிகைப்பூ வாசனை!"

வள்ளி கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"வெங்கட். போன வருஷம் நீங்க எங்க அபார்ட்மென்ட்ல மாடியில குடியிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஏ... ஏன் இல்லாம?"

"ஏன் காலி பண்ணினீங்க?"

வெங்கட் நெளிந்தான்.

"நான் சுத்த சைவம். நீங்க கீழ நெத்திலிக் கருவாடு வறுப்பீங்க..."

"ஒரு கைப்பிடி நெத்திலி. மாசத்துக்கு ஒரு தடவை. அதுக்கே மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை கம்ப்ளெய்ன்ட் பண்ணி, வீட்டையே காலி பண்ணினீங்க. நான் தூத்துக்குடிக்காரி. மீன் வெட்டற கம்பெனி வழியா பஸ் போனா, மீன் திங்கற நாங்களே மூக்கைப் பொத்துவோம். நீங்க ரெண்டு கம்பெனிக்கு எதிர்ல ஜன்னலைத் திறந்து வச்சு ஒரு வாரம் தூங்கியிருக்கீங்க. உங்களுக்கு மல்லிகை வாசனை!"

வெங்கட் மூக்கைத் தேய்த்தான்.

"எனக்கு... ஜலதோஷம் மேடம்."

"ஜலதோஷத்துல மல்லிகை மட்டும் மூக்குக்குள்ள வந்துச்சாக்கும்?"

அப்போதுதான் பீரோ பேசியது!

"மிஸ்டர் வெங்கட். நான் மெக்ஸிகன் இல்லை. அந்த ஒரு வார்த்தை எல்லா மொழியிலயும் புரியும்."

வெங்கட் மெதுவாகத் திரும்பினான்.

"நான் பொறந்தது பாகோ பாகோ. அந்த கேனரியில எங்கம்மா பதினெட்டு வருஷம் மீன் வெட்டினாங்க. ஹார்பர் பக்கம் திரும்பினதுமே அந்த நாத்தம் ஆளைப் பிடிக்கும். துணியில ஏறும், தலையணையில ஏறும். அங்க போயிட்டு வந்தவன் முதல்ல சொல்றது அதைத்தான். நீங்க ஊரைப் பத்தி எல்லாமே சரியாச் சொன்னீங்க. அதை மட்டும் சொல்லலை."

செல்போனை விரித்தார்.

"வாரத்துக்கு ரெண்டு ஃப்ளைட். உங்க சீட்டுல ஆள் இருந்தாரா இல்லையான்னு ஏர்லைன்ஸ்ல கேட்டா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. கேக்கட்டா?"

சர்ரக்...!

வெங்கட் கதவைத் தள்ளித் திறந்து குதித்தான். ஓடினான்!

எங்கே ஓட? 101-ல் ஐந்து லேனும் அசையாமல் நின்றன. பெருமாள் கோயில் சுண்டல் க்யூ மாதிரி பம்பரும் பம்பரும் ஒட்டியிருந்தன. ஒரு லாரிக்கும் ஒரு ஹோண்டாவுக்கும் நடுவில் வெங்கட் சிக்கினான்.

சார்ஜென்ட் இறங்கினார். ஓடவில்லை. நடந்தார். திரும்பி வந்தபோது வெங்கட்டின் கையில் விலங்கு. சிப்பி மாலை கழுத்திலேயே இருந்தது.

"நான் சமோவாவுக்குப் போகவே இல்லை," வெங்கட் உடைந்து அழுதான். "இங்க பக்கத்துலயே மில்பிடாஸ் மோட்டல்ல இருந்தேன். பாகோ பாகோல இருந்து பேசறேன்னு கிட்டுக்கு போன் பண்ணினேன். கோயில்ல எல்லாத்தையும் சொல்லப் போறேன்னான். நேர்ல போய்க் கால்ல விழுந்தேன், கேக்கலை... அடுக்கு மேல தோசைக்கல் இருந்துச்சு. துணியைச் சுத்தித் தூக்கினேன்... நோட்டீஸ் கட்டையெல்லாம் அள்ளிட்டு ஓடிட்டேன்..."

சார்ஜென்ட் போனில் நாலு வார்த்தை பேசினார். வள்ளி உடனே தென்றலைக் கூப்பிட்டாள்.

"தென்றல்... செழியன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடுவான். தோசை மட்டும் சுடாத."

மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. வள்ளிக்கும் கண் நிறைந்தது. இந்த முறை அவள் மறைக்கவில்லை.

"டிஷ்யூ எடுங்க. கிளவ் பாக்ஸ்ல இருக்கு," என்றாள்.

திருமூர்த்தி பதறினார்.

"அங்க ஒண்ணும் இல்ல! என் கர்ச்சீஃப் தரேன்..."

அதற்குள் வள்ளி எட்டித் திறந்துவிட்டாள். பொத்தென்று அவர் மடியில் விழுந்தது பளபளப்பான நோட்டீஸ். மூலையில் ஊதா மையில் எழுத்து. 'புக் செய்தவர்: பி. திருமூர்த்தி.'

"என்னங்க... இது?"

"உன் பொறந்த நாளைக்கு... சர்ப்ரைஸா..."

பின்சீட்டிலிருந்து பெரிய கை ஒன்று நீண்டு நோட்டீஸை வாங்கியது. சார்ஜென்ட் வெகுநேரம் போட்டோவையே பார்த்தார்.

"இது எங்க பெரியப்பா வீடு," என்றார்.

திருமூர்த்தி எச்சில் விழுங்கினார்.

"சார்... வாசல்ல அந்த வெள்ளை மேடை... பார்பிக்யூ..."

"அது எங்க தாத்தா."

"தாத்தாவா...?"

"எங்க ஊர்ல பெரியவங்களை வீட்டு வாசல்லயே அடக்கம் பண்ணுவோம்."

திருமூர்த்தியின் முகம் வெளுத்தது. கார்கள் நகர ஆரம்பித்தன. வள்ளி கியரைப் போட்டாள்.

"விடுங்க! எல்லாரும் கடைசியில போற இடம்தானே? நீங்க அட்வான்ஸ் புக்கிங் பண்ணிட்டீங்க!"