முப்பத்தொரு கிலோவுக்கு எந்தச் செட்டை?

காலை ஆறு மணி பத்து நிமிடம். குருநகர் மீன் சந்தையில் துஷாந்தினி தராசின் மேல் ஏறி நின்றாள்.

தராசுக்கார முருகேசு மாமா முள்ளைப் பார்த்தார். பிறகு ஏலம் கூறுகிற குரலை எடுத்தார்.

“முப்பத்தொரு கிலோ. இந்தப் பாரை மீனை ஆர் கேக்கிறியள்?”

சந்தை சிரித்தது. துஷாந்தினி சிரிக்கவில்லை. முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

ஒன்பது மணிக்குத் தெரிவுப் போட்டி. கடற்கரைக் கழகத்தில் பாய் கட்டிய பலகைகள் இரண்டு இருந்தன. பலகையின் அடியில், தண்ணீருக்குள், ஒரு நீண்ட கால். அதன் நுனியில், விமானத்துக்கு இருப்பது போல, முன்னும் பின்னும் இறக்கைகள். காற்று பாயைத் தள்ளும். வேகம் பிடித்ததும் முன் இறக்கை பலகையைத் தூக்கும். பலகை தண்ணீரைத் தொடாமல் பறக்கும்.

பிள்ளைகள் அந்த இறக்கையைச் செட்டை என்பார்கள். மீனுக்கு இருப்பதும் அதுதானே.

முன் செட்டைகளில் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எதை எப்போது பூட்டுவது என்று கழகக் கொட்டிலின் சுவரில் ஓர் அட்டவணை சொன்னது. மெல்லிய காற்றுக்குப் பெரியது. பலத்த காற்றுக்குச் சின்னது.

போட்டி துஷாந்தினிக்கும் அவளோடு படிக்கும் ஜெரிசனுக்கும். சிவப்பு மிதவையைச் சுற்றி முதலில் கரை சேருபவர் திருகோணமலையில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். ஒருவர்தான். துஷாந்தினி மூன்று நாளைக்கு முன்பே பையை அடுக்கிவிட்டாள்.

நேற்றுக் காற்று மெல்லியது. அட்டவணைப்படி அவள் பெரிய செட்டையைப் பூட்டினாள். பலகை எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. செட்டை தண்ணீருக்கு வெளியே வந்தது. அடுத்த கணம் அவள் மூக்குக்குள் உப்புத் தண்ணீர். நான்கு தரம் இப்படி. மிஞ்சிய சின்னச் செட்டையோடு போன ஜெரிசன் எழும்பவே இல்லை. எருமை மாடு மாதிரி மிதந்தேன் என்று அவனே சொன்னான்.

மாலையில் அப்பாவின் வள்ளம் மீன் நிறைய வந்தது. மூக்குத் தாழ்ந்து, மெல்ல மெல்ல. மீனை இறக்கிய பிறகு அதே எஞ்சினோடு அதே வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு துள்ளியது.

துஷாந்தினி வாயில் வைத்த பனங்காய்ப் பணியாரத்தைக் கடிக்க மறந்தாள்.

ஒன்பது மணிக்கு, தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று சோம்பிக் கிடந்தது. தேவாலயக் கொடி, காயப்போட்ட துணி போலத் தொங்கியது. பயிற்சி தரும் வினோஜா அக்கா சீட்டுக் குலுக்கினாள். முதலில் செட்டை எடுக்கும் உரிமை துஷாந்தினிக்கு விழுந்தது.

ஜெரிசன் சின்னச் செட்டையின் பக்கத்தில் போய் நின்றான். முகம் கறுத்திருந்தது.

துஷாந்தினி யோசித்தாள். பெரியதை எடுத்தால் அவன் எழும்பவே மாட்டான். தான் நான்கு தரம் விழுந்தாலும் முந்திவிடலாம். திருகோணமலை கையில் வந்த மாதிரித்தான்.

அவள் பெரிய செட்டையைத் தூக்கி ஜெரிசனின் கையில் கொடுத்தாள்.

“உனக்கு விசரே? காத்தே இல்லை. அட்டவணையைப் பார்” என்றான் அவன்.

“அந்த அட்டவணை எத்தனை கிலோ ஆளுக்கு எழுதினது?”

வினோஜா அக்கா சுவருக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கினாள். அடியில் எறும்பளவு எழுத்து. எழுபத்தைந்து கிலோ என்று இருந்தது. இவ்வளவு நாளும் ஒருவரும் அதை வாசிக்கவில்லை. அக்காவும்தான்.

“பள்ளிக்கூடத்தில நிறுக்கேக்க நீ ஐம்பத்தெட்டு” என்றாள் துஷாந்தினி. “நான் முப்பத்தொண்டு. காத்து ஒண்டுதான், பாரம் ரெண்டெல்லோ?”

விசில் ஒலித்தது.

பெரிய செட்டை ஜெரிசனைத் தண்ணீரிலிருந்து அள்ளி எடுத்தது. அவன் பறந்தான். துஷாந்தினியின் பலகை தண்ணீரிலேயே அளைந்தது. கணக்குப் பிழைத்துவிட்டதோ?

வலப்பக்கம் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று வருகிறது. அவள் பலகையை அங்கே திருப்பினாள். பாய் இழுத்தது. காலடியில் சளக் சளக் என்ற ஓசை சட்டென்று நின்றது.

பறக்கிறாள்!

பலகை துள்ளவில்லை. சின்னச் செட்டை கத்தி போலத் தண்ணீரை வெட்டியது. பெரிய செட்டைக்குத் தூக்கத் தெரியும், இவ்வளவு ஓடத் தெரியாது. மிதவையை ஜெரிசன்தான் முதலில் சுற்றினான். திரும்பும் வழியில் இடைவெளி மூன்று வள்ளமாயிற்று, ஒரு வள்ளமாயிற்று. கரையில் வலையிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஒரு பலகை நீளத்தில் துஷாந்தினி முந்தினாள்.

வினோஜா அக்கா திருகோணமலைக் கடிதத்தில் அவள் பெயரை எழுதினாள். அதே பேனையால் சுவர் அட்டவணையில் புதிதாக ஒரு வரிசை கீறி, தலைப்பில் ‘ஆளின் பாரம்’ என்று போட்டாள்.

ஜெரிசன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட மணலில் இருந்தான். தோற்ற முகம் இல்லை. வாய் காதுவரை விரிந்திருந்தது. மெல்லிய காற்றில் முழுத் தூரமும் பறந்தது அவனுக்கு இதுதான் முதல் தரம்.

தேவாலயக் கொடி மெல்ல அசைந்தது. பிறகு படபடத்தது. சோழகம் எழும்பிவிட்டது. ஜெரிசன் கொடியைப் பார்த்தான். துஷாந்தினியின் கையிடுக்கில் இருந்த செட்டையைப் பார்த்தான்.

“பின்னேரம் காத்து இறுக்கி அடிச்சா, உந்தச் சின்னச் செட்டையை எனக்குத் தருவியோ?”